சகனுக்கு ஓர் ஆள்

'நாலாவது ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறோமே. இது ஜொஹராவின் கண்ணில் படவில்லையா? இல்லை, அவளும் என்னைப் போலத் தெரியாத மாதிரி இருக்கிறாளா?'

பாஹிமா இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்திநேர மக்ரிப் தொழுகை முடிந்து கூடத்தில் பாய் விரித்தாயிற்று. பாயின் மேல் சுஃப்ரா என்கிற பிளாஸ்டிக் விரிப்பு, அதன் நடுவில் சகன். விளிம்பு தூக்கிய அகலமான வட்டத் தட்டு அது. சோறும் கறியும் அந்த ஒரே தட்டில்தான். சுற்றி நாலு பேர் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவது அதிராம்பட்டினத்து வழக்கம். அடுத்தவர் பக்கம் கை நீளக் கூடாது. எல்லோரும் முடிக்காமல் ஒருவர் எழக் கூடாது.

இங்கே இருந்தது மூன்று பேர்தான். பாஹிமா, அவளுடைய ஆறு வயது மகள் ஃபஸ்னா, இந்த வீட்டில் குடியிருக்கும் அவளுடைய ஊர்த்தோழி ஜொஹரா. மூன்று பேர் ஒரு வட்டத்தைச் சுற்றினால் இடத்தைத் தாராளமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் நாலு பேர் உட்காரும் கணக்கில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். சமையல்கட்டைப் பார்த்த பக்கம் காலியாக இருந்தது. யாரும் யாரையும் அப்படி உட்காரச் சொல்லவில்லை.

ஜொஹரா தலையைக் குனிந்தபடி சோற்றைப் பிசைந்தாள். ஐந்து மாத வயிறு மடியில் கனத்ததால் ஒரு காலை நீட்டி வைத்திருந்தாள். வெளியே ஆடுகள் அடங்கிவிட்டன. தண்ணீர் இறைக்கும் மோட்டார் மட்டும் தோட்டத்தின் அந்தக் கோடியில் முனகிக்கொண்டிருந்தது.

பாஹிமா முடித்துவிட்டாள். ஜொஹராவும் விரல்களை வழித்துவிட்டாள். எழுவதற்காகப் பாஹிமா கையை ஊன்றியபோது ஃபஸ்னா அவளுடைய முந்தானையைப் பிடித்தாள்.

"உம்மா, வெயிட். ஷி இஸ் ஸ்டில் ஈட்டிங்."

யாரும் எழவில்லை.

காலியாக இருந்த பக்கத்தில், சோற்றின் சரிவில், ஒரு பருக்கை மெல்ல உருண்டு கீழே வந்தது.

•

விடுமுறையின் முதல் நாள் இந்த வீடு இப்படி இல்லை. ஷார்ஜாவில் பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால லீவு விட்டதுமே ஜொஹராவின் கணவர் சதக்கத்துல்லா தம்முடைய பழைய காரில் அங்கே ரோலா பகுதிக்கு வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டார். பாஹிமாவின் கணவன் நிஜாமுக்கு டியூட்டி, வர முடியாது. மசாஃபி தாண்டி, மலைகள் ரோட்டின் இரண்டு பக்கமும் நெருங்கி வரும் இடத்தில் ஒரு மண்பாதை பிரிந்தது. பாதையின் முடிவில் பேரீச்சை மரங்களும் ஆட்டுக் கொட்டகையும் பழுப்பு மதிலும் கொண்ட மஸ்ரா. சதக்கத்துல்லாவின் அர்பாபுக்கு, அதாவது அவருடைய அரபி முதலாளிக்கு, சொந்தமான தோட்டம். அர்பாபின் தாயார் இருந்தவரை தோட்டத்து வீட்டில்தான் இருந்தார். அவர் மவுத்தான பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டிக் கிடந்தால் கெட்டுப்போகும் என்று போன வருடம் இவர்களைக் குடி வைத்தார்.

பாஹிமா காரை விட்டு இறங்கியதும் செய்த முதல் காரியம் மூச்சை இழுத்ததுதான். ரோலாவில் அவள் குடும்பம் இருப்பது நாலு குடும்பங்கள் பங்கு போட்ட ஒரு பிளாட்டில், பலகை அடித்துப் பிரித்த ஓர் அறையில். சமையல்கட்டில் அவளுக்கு ஒதுக்கிய நேரத்துக்குள் சமைத்தாக வேண்டும். சமைத்ததைப் பெரும்பாலும் அங்கேயே நின்றபடி, அடுத்த குடும்பத்துக்காரி சட்டியோடு காத்திருக்கும்போதே, நாலு வாய் போட்டுக்கொள்வாள். உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணினால் அழுகை வரும் என்று தெரியும்.

ஜொஹராவின் கதை நேர் எதிர். சதக்கத்துல்லாவுக்குக் கடை புஜைராவில். இரவு கடை மூடி, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்து படுப்பார். விடிந்ததும் போய்விடுவார். வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் வீட்டில் அவருக்குச் சாப்பாடு. இத்தனை பெரிய வீட்டில் ஜொஹரா ஒருத்தி, ஒரு சின்னத் தட்டோடு.

"தனியாச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு உப்புகூட தெரியல புள்ள," என்றாள் வந்த அன்றே. "கறியில உப்பு போட்டேனா இல்லயான்னு சுவரப் பாத்துக் கேப்பேன்."

"சுவர் என்ன சொல்லும்?"

"சுவரும் என் மாப்புள மாதிரிதான். எல்லாத்துக்கும் ம்."

அலமாரியின் மேல் துணி சுற்றி வைத்திருந்த சகனைப் பாஹிமாதான் பார்த்தாள். ஜொஹராவின் கல்யாணச் சீரில் வந்தது. கடல் தாண்டி வந்த நாளிலிருந்து அவிழ்க்கவே இல்லை. எக்கி எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, அன்று இரவே சோற்றைக் கொட்டினாள். இறைச்சியை நடுவில் குவித்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தபோது ஒரு பக்கம் மொட்டையாக நின்றது.

ஊரில் கல்யாணப் பந்திகளில் தோளில் துண்டு போட்ட ஒருவர் நடப்பார். ஆள் குறைந்த சகனைக் கண்டால் அங்கேயே நின்று வாசலைப் பார்த்துக் கூவுவார். வாசலில் நிற்பவர் யாராக இருந்தாலும், உறவோ ஊரோ தெரியாதவராக இருந்தாலும், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். யார் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

பாஹிமா துப்பட்டாவைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டாள். தொண்டையைக் கனைத்து, அந்த ஆளைப் போலவே இழுத்து, திறந்திருந்த சமையல்கட்டுக் கதவைப் பார்த்துக் கூவினாள்.

"சகனுக்கு ஆள் குறையுது. ஒரு ஆள் வாங்க. யாராச்சும் ஒரு ஆள் வாங்கோ."

ஜொஹரா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஃபஸ்னா கை தட்டினாள்.

சிரிப்பு ஓய்ந்தபோது கூடத்தில் ஒரு வாடை இருந்தது. புகையில் வாட்டி வெயிலில் காயவைத்த கறுப்பு எலுமிச்சையின் புளித்த வாடை. அரபிகள் குழம்பில் போடுவார்களே, அது.

ஜொஹராவின் சமையல்கட்டில் அந்த எலுமிச்சை கிடையாது.

•

லீவு முடியப் போகிறது. பருக்கை உருண்ட அந்த இரவுக்கு மறுநாள் பாஹிமா நண்பகல் வெயிலில், பின்கட்டுக் குழாயடியில் சகனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயடியை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. ஏசி இருந்த ஓட்டையில் அட்டை அடைத்திருந்தது. கதவில் பூட்டு.

"ஜொஹரா, உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"எது?"

"நடிக்காதடி."

ஜொஹரா குழாயை மூடினாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மொத நாளே தெரியும். சகன் கழுவ எடுத்தப்ப பாத்தேன். மிச்சச் சோத்துல நாலு பக்கமும் குழி."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிருப்ப."

பாஹிமாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே வினோதமாக இருந்தது. அந்த இடத்தில் தான் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று ஒத்துக்கொண்டது.

"நீ வர்றதுக்கு முந்தி இங்க ஒண்ணும் இல்ல," என்றாள் ஜொஹரா. "ஒரு வருசம் தனியாக் கெடந்தேன். ஒரு கதவு அசையல. ஒரு நிழல் ஆடல. நீ கூப்பிட்ட. வந்துட்டாஹ."

"வந்துட்டாஹன்னா யாரு?"

ஜொஹரா பூட்டிய அறையைப் பார்க்காமல் அதன் பக்கம் தாடையை அசைத்தாள். "அர்பாபோட மக ஒருநா பேரீச்சம்பழம் எடுக்க வந்தாஹ. இதுல சமையக்காரம்மா இருந்தாஹன்னு சொன்னாஹ. அந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு முந்தியே வந்தவங்களாம். எந்த ஊருன்னு கேட்டேன், தெரியலன்னாஹ. பேராச்சும் சொல்லுங்கன்னேன். எல்லாரும் கத்தாமான்னுதான் கூப்பிடுவோம்னாஹ."

கத்தாமா என்றால் வேலைக்காரி. அது ஒரு பேர் இல்லை.

"நல்ல மனுசங்கதான் பாஹிமா அவங்க. அடிச்சதில்ல, திட்டினதில்ல. பெருநாளைக்குப் புதுத்துணி எடுத்துக் குடுத்திருக்காஹ. எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பொறவு மிச்சத்த எடுத்துக்கிட்டு இந்த ரூமுக்கு வந்துருவாஹளாம். வா, வந்து உட்காருன்னு மட்டும் ஒருத்தரும் சொன்னதில்ல. கடைசியில ஒருநா காலையில சமையக்கட்டுல சட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்தபடியே மவுத்தாக் கெடந்தாஹளாம்."

கொட்டகையில் ஓர் ஆட்டுக்குட்டி கத்தி ஓய்ந்தது.

"நாம பிஸ்மில்லா சொல்லித்தானே கை வக்கிறோம்," என்றாள் பாஹிமா. "பிஸ்மில்லா சொன்ன சோத்துல ஷைத்தான் கை வைக்க முடியாதுன்னு ஓதிக் குடுத்தாஹளே."

"அதான் எனக்கும் பயமா இருக்கு. அவஹளும் பிஸ்மில்லா சொல்லிட்டுத்தான் உட்கார்றாஹளோ என்னமோ." ஜொஹராவின் குரல் இறங்கியது. "குர்ஆன எடுத்து யாசீன் ஓதிப் பாத்தேன். போகல. பக்கத்துல வந்து உட்கார்ந்து கேட்டாஹ. எலுமிச்ச வாசம் அப்படியே இருந்துச்சு, நான் கித்தாப மூடுற வரைக்கும்."

பாஹிமா சகனைக் கவிழ்த்து வைத்தாள். பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு வேளைச் சோற்றுக்கு வந்து உட்கார்ந்தவள். அதற்கு மேல் என்ன கேட்டாள்?

அப்போதுதான் கூடத்திலிருந்து ஃபஸ்னாவின் குரல் கேட்டது. யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

பாஹிமா ஈரக் கையோடு ஓடினாள்.

குழந்தை சுவரோரத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே யாரும் இல்லை. முகத்தைச் சற்று மேலே தூக்கி வாயைத் திறந்தாள். மூடினாள். மென்றாள்.

"என்னடி திங்கிற?"

"ரைஸ்."

"ஏது ரைஸ்?"

"அவங்க ஊட்டி விட்டாங்க." ஃபஸ்னா விழுங்கினாள். "உம்மா, நீங்க ஊட்டினா ஹாட்டா இருக்கும். அவங்க கை கோல்ட்."

குழந்தையின் உதட்டோரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. இந்த வீட்டில் அன்று இன்னும் உலை வைக்கவில்லை.

•

அன்று மாலை பாஹிமா சகனை எடுக்கவில்லை. துணியில் சுற்றி அலமாரியின் மேல் ஏற்றிவிட்டாள். மூன்று தனித் தட்டுகள் எடுத்தாள். சமையல்கட்டு மேடையிலேயே வைத்து, நின்றபடியே சாப்பிடுவோம் என்றாள். ரோலாவில் பழகியதுதானே.

ஜொஹரா ஒரு வாய் வைத்தாள். இரண்டாவது வாய் இறங்கவில்லை.

ஃபஸ்னா வாயைத் திறக்கவே மாட்டேன் என்றாள். பாஹிமா கெஞ்சினாள், மிரட்டினாள். ஆயத்துல் குர்ஸி ஓதி உச்சியில் ஊதினாள். குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டு கூடத்தையே பார்த்தது.

"சாப்பிடுமா. ஒரே ஒரு வாய்."

"எல்லாரும் உட்காரலையே."

பாஹிமாவின் கையில் சோறு அப்படியே நின்றது.

கூடத்தில் சத்தம் கேட்டது.

பாய் உதறும் சத்தம். நிதானமாக. இரண்டு முறை.

பிறகு சுஃப்ராவைச் சுருளிலிருந்து இழுக்கும் சரசரப்பு. கிழிக்கும் சத்தம்.

ஜொஹரா பாஹிமாவின் முழங்கையைப் பற்றினாள். அவள் நகம் பதிந்தது.

கடைசியாக, கனமான உலோகம் ஒன்று தரையில் படாமல் படும் சத்தம். பல வருடம் பழகிய ஒரு கை, உள்ளே தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்று ஒரு பக்கம் முதலில் ஊன்றி, மறுபக்கத்தைத் தாழ்த்தி வைக்கும் சத்தம்.

அதன் பிறகு ஒன்றும் இல்லை.

காத்திருக்கும் அமைதி.

அவர்கள் போய்ப் பார்த்தார்கள். போகாமல் இருக்க முடியவில்லை. பாய் நேராக விரித்திருந்தது. சகன் நடுவில் இருந்தது. சுற்றியிருந்த துணி நாலாக மடித்துத் திண்டின் மேல் வைத்திருந்தது. சகன் காலியாக இருந்தது. ஒரு பக்கத்து விளிம்பில் மட்டும் ஈர விரல்கள் பட்ட தடம்.

ஜொஹராதான் முதலில் அசைந்தாள். சமையல்கட்டுக்குப் போய்ச் சோற்றுச் சட்டியைத் தூக்கி வந்து சகனில் கவிழ்த்தாள். வயிற்றைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள். ஃபஸ்னா ஓடிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"உட்காரு பாஹிமா," என்றாள் ஜொஹரா அவளைப் பார்க்காமல். "சோறு ஆறுது."

பாஹிமா உட்கார்ந்தாள். பிஸ்மில்லா சொன்னாள். அவளுடைய குரலுக்குப் பிறகு, அரை மூச்சு தள்ளி, வேறொரு மூச்சு அதே சொல்லின் அளவுக்கு ஓடி நின்றது.

•

வெள்ளிக்கிழமை. ரோலாவுக்குத் திரும்பும் நாள். சதக்கத்துல்லா ஜும்ஆ தொழுகை முடித்து, கையில் அல்வாப் பெட்டியோடு வந்தார். பருத்த உடம்பு, சத்தமான மனிதர். அவர் வந்ததும் வீட்டின் மூலைகள் எல்லாம் கொஞ்சம் வெளிச்சமானது போல இருந்தது.

"என்ன, ரெண்டு பேரும் மையத்து வூட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? நான் செத்துட்டேன்னு யாராச்சும் போன் போட்டாஹளா?"

ஜொஹரா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அல்வாப் பெட்டியைத் திண்டில் வைத்துவிட்டுக் கேட்டார். முடிவில் சிரித்தார்.

"மஸ்ரா காத்து. சனமில்லாத எடத்துல கெடந்தா சோத்துல குழி எண்ணத் தோணும். தங்கச்சி, நீயாச்சும் இவளுக்குப் புத்தி சொல்லக் கூடாதா?"

"நானும் எண்ணினேன் காக்கா," என்றாள் பாஹிமா.

"சரி, போன வெள்ளி கடை வேலையில வர முடியல. இன்னைக்கு நான் இருக்கேன்ல. நாலு பேர் ஆச்சா? கணக்கு முடிஞ்சுது. கலாஸ்."

அது உண்மைதான் என்று பாஹிமாவுக்கும் பட்டது. நாலு பேர் உட்கார்ந்தார்கள். நாலு பக்கமும் நிறைந்தது. சமையல்கட்டைப் பார்த்த பக்கத்தில் சதக்கத்துல்லா சம்மணம் போட்டு அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இனி யாருக்கும் இடமில்லை. பல நாளுக்குப் பிறகு பாஹிமாவின் நாக்கில் உப்பு தெரிந்தது. சதக்கத்துல்லா கடைக்கு வந்த ஒரு கஸ்டமரின் கதையைத் தொடங்கினார். குழாய் வாங்க வந்தவன் அளவு மறந்துபோய் வீட்டுக்குப் போன் போட, மனைவி சுவரில் உள்ள ஓட்டையை விரலால் அளந்து அந்த விரலைப் போட்டோ எடுத்து அனுப்பினாளாம்.

ஃபஸ்னாகூடச் சிரித்தாள்.

"அந்த விரலப் பாத்து நான் எப்படிப்பா சைஸு சொல்றது, மோதிரக் கடைக்குப் போங்கன்னேன்," என்று சொல்லிக்கொண்டே அவர் இடது முழங்காலை மடக்கினார். உடம்பைச் சற்று வலப்பக்கம் நகர்த்தினார். இடது கையால் பாயை லேசாகத் தட்டினார்.

"இப்படி வாங்க, எடம் இருக்கு," என்றார். யாரையும் பார்க்கவில்லை. "அதுக்கு அவன் என்ன சொன்னான்னா..."

கதை தொடர்ந்தது. கேட்க யாரும் இல்லை. ஜொஹராவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. பாஹிமா சகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோற்றில் ஐந்தாவது குழி, விரல் விரலாக, ஆழமாகிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு அரிசி கம்மியாப் போட்டியா?" சதக்கத்துல்லா கையை வழித்துக்கொண்டே மனைவியைக் கேட்டார். "பத்தலயே."

இடம் விட்டு அழைத்தது அவருக்கே தெரியவில்லை. கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்தவர் உடனே குறட்டை விட்டார்.

•

பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. பாஹிமா உள்ளறையில் ஃபஸ்னாவின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஜொஹரா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"நீ கூப்பிட்ட விருந்தாளி. கூப்பிட்டவதான் கூட்டிட்டுப் போகணும்."

பாஹிமாவின் கை ஒரு சின்னச் சட்டையின் மேல் நின்றது.

"வாசல்ல நின்னு, வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. போதும். வந்துருவாஹ. நான் சொல்லிப் பாத்துட்டேன், போங்கன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். என் பேச்சு அவஹ காதுல விழல. நீ கூப்பிட்டுத்தான் வந்தாஹ. நீ கூப்பிட்டாத்தான் போவாஹ."

"எங்க கூட்டிட்டுப் போறது ஜொஹரா?"

"ரோலாவுக்கு. அங்க ஒரே பிளாட்டுல நாலு குடும்பம். சமையக்கட்டுல எந்நேரமும் ஒரு ஆள் நிக்கும். அந்தச் சனத்துல அவஹ கரைஞ்சு போயிருவாஹ. கூட்டத்துக்குத்தானே ஏங்குறாஹ. இங்க யாரு இருக்கா? நீ போயிட்டா நானும் அவஹளும்தான். விடிஞ்சு எந்திரிச்சா அடுத்த மக்ரிப் வரைக்கும் நாங்க ரெண்டு பேர்." அவள் வயிற்றின் மேல் கை வைத்தாள். "எட்டு வருசம் கழிச்சுத் தங்கியிருக்கு. நேத்து நான் படுத்திருந்தப்ப இது மேல ஒரு கை வந்துச்சு. ஜில்லுனு. சோறு பிசையிற மாதிரி, மெதுவா, மெதுவா. பசிக்குதான்னு கேக்குற மாதிரி."

"இந்த வூட்ட விட்டுப் போயிரு. காக்காகிட்ட சொல்லு."

"சொல்லாமலா இருக்கேன்? மஸ்ரா காத்துங்குறாஹ. வாடகை இல்லாத வூட்ட வுட்டுட்டு எங்க போறதுங்குறாஹ." ஜொஹரா அழவில்லை. அழுதிருந்தால் பாஹிமாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் உன்னக் குத்தம் சொல்லல. அன்னைக்கு நீ கூவுனப்ப நானுந்தான் சிரிச்சேன். ஆனா அந்தக் குரல் உன் குரல்."

பாஹிமா பலகை அடித்த தன் அறையை நினைத்துப் பார்த்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவு தரை. நிஜாம், அவள், ஃபஸ்னா. அங்கேயும் மூன்று பேர். நிஜாம் டியூட்டிக்குப் போன பிறகு இரண்டே பேர். கூட்டம் எல்லாம் பலகைக்கு அந்தப் பக்கம்தான். அந்தக் குளிர்ந்த கை பலகைக்கு இந்தப் பக்கம், தூங்கும் குழந்தையின் வாயருகில்.

ஜொஹராவின் வயிற்றைப் பார்த்தாள். பார்வையைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள்.

இருவருமே ஒருத்தியை ஒருத்தி நேசித்தார்கள். ஒரே தெரு, ஒரே குர்ஆன் ஓதும் பள்ளிக்கூடம், ஒருத்தி கல்யாணத்துக்கு இன்னொருத்தி மருதாணி அரைத்தவள். அந்த நேசம் இப்போது அறையில் எங்கேயோதான் இருந்தது. ஆனால் அதைக் கையில் எடுக்க இருவராலும் முடியவில்லை.

பாஹிமா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

•

மலைகளுக்கு மேல் தூசி படிந்த மஞ்சள் வெயில். சதக்கத்துல்லா பைகளைப் பின்னால் ஏற்றிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஃபஸ்னா முன்னமே ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வாசலில் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஜொஹரா பாஹிமாவின் காதில் முணுமுணுத்தாள்.

"ஒரே ஒரு வார்த்த, பாஹிமா. என் புள்ளைக்காக."

பாஹிமா அவளை விட்டு விலகினாள். ஜொஹரா நிலைப்படியில் ஒதுங்கி நின்றாள். ஒதுங்கிய விதத்தைப் பாஹிமா கவனித்தாள். கதவின் ஒரு பாதியை ஜொஹராவின் உடம்பு அடைத்திருந்தது. மறுபாதி வழி விட்டுத் திறந்திருந்தது. ஓர் ஆள் வெளியே வரும் அளவுக்கு.

எலுமிச்சை வாடை நிலைப்படி வரை வந்து நின்றது. படியைத் தாண்டவில்லை. அழைக்காமல் தாண்டாது.

பாஹிமா திரும்பி நடந்தாள். சரளைக் கல்லில் தன் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்டாள். வேறு சத்தம் கேட்கிறதா என்று கவனித்தாள். இல்லை. ஆனால் முதுகின் பின்னால் யாரோ துணியைச் சரிசெய்துகொண்டு பயணத்துக்குத் தயாராக நிற்பது போல ஒரு தவிப்பு. புதுத்துணி கிடைத்த பெருநாள் காலையில் நிற்பார்களே, அப்படி.

காரின் பின்கதவைத் திறந்தாள். ஃபஸ்னா ஜன்னலோரமாக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தன் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டில் இருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.

"உம்மா, நீங்க இங்க. அவங்க அங்க."

"யல்லா தங்கச்சி, ஏறு," என்றார் சதக்கத்துல்லா கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே. "எல்லாரும் ஏறியாச்சா?"

பாஹிமா ஏறினாள். சீட்டின் நடுவில் உட்கார்ந்தாள். தன் கைப்பையைத் தூக்கி, மீதியிருந்த இடத்தில் வைத்தாள். அது போதாது என்று துப்பட்டாவையும் கழற்றிச் சுருட்டி அதன் மேல் வைத்தாள். ஃபஸ்னாவின் முகம் வாடியது.

கதவு இன்னும் திறந்திருந்தது. வாசலில் ஜொஹரா ஒரு கையை வயிற்றின் மேல் வைத்தபடி காத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் திறந்திருந்த பாதியும் காத்திருந்தது.

பாஹிமா ஜொஹராவைப் பார்க்கவில்லை. அந்தக் காலியான பாதியைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வது போல மெதுவாகத்தான் சொன்னாள்.

"இங்க இடமில்ல."

கதவை இழுத்துச் சாத்தினாள்.